குழாய்க்குள் வெள்ளை ஓடு

மார்ச் 4

தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. போன் செய்திருக்கலாம். உன் குரல் காதில் விழுந்தால் கத்திவிடுவேன், இங்கே மருமகள் பயந்துபோவாள். அதனால்தான் காகிதம்.

அப்பா விட்டுப்போன சலவை ஆலையில் பாய்லர் வெடித்ததை நான் டிவியைப் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்? என் மகள் வயிற்றுப் பேத்தி உன்னிடம்தான் வேலை பார்க்கிறாள் என்பது உனக்கு மறந்துபோயிற்றா? போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளே பேசினாள். "எனக்கு ஒண்ணும் ஆகல பாட்டி" என்றாள். அதற்கு மேல் அழுகைதான். பாய்லர்காரன் நெட்டையனுக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்றாமே?

என்ன நடந்தது? சுற்றி வளைக்காமல் எழுது. முன்பு என் புருஷன் அங்கே பாய்லர் ஓட்டியபோது வெடித்ததே, அன்றைக்கு உன் வீட்டுக்காரர் பாய்லர் இன்ஸ்பெக்டரிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "பாய்லர்காரர் தூங்கிட்டார் சார்." செத்தவரைப் பேசக் கூடாது என்பார்கள், நான் பேசுவேன். என் புருஷன் பாய்லர் பக்கத்தில் கொட்டாவிகூட விட்டதில்லை. அதற்குப் பிறகு யாரும் அவர் கையில் ஒரு பாய்லரைக் கொடுக்கவில்லை. நீ அப்போது கதவருகே நின்று மஞ்சள் துண்டு மடித்துக்கொண்டிருந்தாய். மூலை கோணலாகிவிட்டது என்று பிரித்துத் திரும்ப மடித்தாய். வாயைத் திறக்கவில்லை.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சியின் வணக்கம். மூட்டு வலி தேவலையா? உனக்குச் சொல்லக் கூடாது என்றில்லை அக்கா. யாராவது கதவைச் சாத்தினால்கூடத் தூக்கிப்போடுகிறது. இஸ்திரி உருளையில் ஒரு விரிப்பு பாதியில் நிற்கிறது. அதை எடுக்கக் கை வரவில்லை.

பாய்லருக்குள் நடுக் குழாய் ஒன்று வீங்கிக் கிழிந்துவிட்டது. நெட்டையன் நேர் எதிரே நின்றிருந்தான். முகத்துக்குக் கையைக் கொடுத்ததால் கண் தப்பியது.

இன்ஸ்பெக்டர் வந்தார். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புக்கு நெட்டையன் கிரீஸை அள்ளி அப்பிவிட்டான், அது தண்ணீரோடு பாய்லருக்குள் போயிருக்கும் என்றேன். எழுதிக்கொண்டார். கிழிந்த குழாயை வெளியே போட்டிருக்கிறார்கள். உள்ளே முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக, அதைப் போல நாலு மடங்கு தடிப்பாக உரிகிறது. பார்க்கவே பயமாயிருக்கிறது.

பேத்தி சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தங்கச்சி


மார்ச் 17

தங்கச்சிக்கு,

யாரிடம் கதை விடுகிறாய்? நான் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம்தான் உட்கார்ந்தேன். ஆனால் பாய்லர்காரரோடு ஒரு ஆயுசு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

கிரீஸ் எண்ணெய் உள்ளே போனால் தண்ணீர் நுரைத்துக்கொண்டு நீராவியோடு ஏறி வரும். துவைக்கிற தொட்டியில் அந்த நீராவியைத்தானே விடுகிறோம்? தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதந்திருக்கும், விரிப்பெல்லாம் பழுப்புக் கறை விழுந்திருக்கும். ஒரு விரிப்பாவது கறையோடு திரும்பி வந்ததா? வந்திருந்தால் நீ ஊரைக் கூட்டியிருப்பாயே!

வெள்ளை ஓடு என்று நீயே எழுதிவிட்டாய். அது சுண்ணாம்பு. கிணற்றுத் தண்ணீரில் இருப்பது. அது படிந்தால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போய்ச் சேராது. குழாய்தான் அத்தனை சூட்டையும் வாங்கிப் பழுத்து, வீங்கி, கிழியும். தண்ணீர் பாய்லருக்குப் போகும் முன் சுண்ணாம்பை வாங்கிக்கொள்ளத்தானே டேங்க் இருக்கிறது? அந்த டேங்கை உப்புக்கரைசல் விட்டுக் கழுவி எடுக்க அரைப்பொழுது போகும். உன் வீட்டுக்காரருக்கு அந்த அரைப்பொழுது பொறுக்காது. டேங்கைத் தொடாமல் போகிற பக்கக் குழாயைத் திறந்து கிணற்றுத் தண்ணீரை நேரே பாய்லருக்கு விடுவார். "ஒரு நாள்தானே" என்பார். அப்படித்தான் அன்றைக்கும் வெடித்தது. பழி விழுந்தது என் புருஷன் தலையில்.

இப்போது நீ திறந்திருக்கிறாய். பழி நெட்டையன் தலையில். போய் உள்ளதைச் சொல். இல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன்.

அக்கா


மார்ச் 23

அக்கா,

எண்ணெய்க் கதை பொய்தான். பக்கக் குழாயைத் திறந்ததும் நிஜம்தான். திறந்தது நான் இல்லை, உன் பேத்தி.

ஆஸ்பத்திரி விரிப்புகள் மத்தியானத்துக்குள் போகணும் என்று அவளை விரட்டியது நான். அந்தப் பங்கு என்னுடையது. ஆனால் டேங்கைக் கழுவுவதையே அவள் விட்டுவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. குளிர்காலம் முழுக்கக் கிணற்றுத் தண்ணீர்தான் நேரே போயிருக்கிறது. தண்ணீரைச் சோதிப்பதும் அவள் வேலைதானே, அதனால் யாரும் கேட்கவில்லை. நெட்டையன் மட்டும் கேட்பானாம், "தண்ணி சரியா இருக்காம்மா?" என்று. "சரியா இருக்குண்ணே" என்பாளாம்.

வெடித்த அன்றே என் காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். படித்த பிள்ளை, முதல் வேலை. உன் ரத்தம் என்றுதான் பொய் சொன்னேன் அக்கா. மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் முடிவு எழுதுவார். ஒன்று, நெட்டையனின் பாய்லர் லைசென்ஸ் போகும். இல்லையென்றால் இவள் கேஸில் மாட்டுவாள். நான் என்ன செய்யட்டும்? நீயே சொல்.

உன் தங்கச்சி


மார்ச் 27

தங்கச்சிக்கு,

என் கண்தான் தப்பாகப் படிக்கிறது என்று நினைத்தேன். மருமகளைப் படிக்கச் சொன்னேன். அவளும் அதையே படித்தாள்.

ஒரு பகல் முழுக்க எழுந்திருக்கவில்லை. அந்த எண்ணெய்க் கதை அப்படியே நிற்கட்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. எனக்கா இப்படி ஒரு நினைப்பு வந்தது? உன்னையும் உன் வீட்டுக்காரரையும் இத்தனை வருஷம் திட்டிய எனக்கா?

பிறகு பேத்தியைப் போனில் கூப்பிட்டேன்.

"சின்னப் பாட்டி பார்த்துக்கறேன்னு சொல்லிட்டாங்க பாட்டி" என்றாள்.

"அவ பார்த்துக்கட்டும். நீ ஆஸ்பத்திரிக்குப் போய் நெட்டையனைப் பார்த்தியா?"

"இல்ல."

"ஏன்டி?"

"'தண்ணி சரியாத்தானே இருந்துச்சும்மா'ன்னு கேட்டுட்டார்னா நான் என்ன சொல்லுவேன்?"

போனை வைத்துவிட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என் புருஷனுக்காகத் திறக்காத வாயை என் பேத்திக்காகத் திறந்திருக்கிறாய், அதுவும் பொய் சொல்ல. இதை எந்தக் கணக்கில் வைப்பது என்றே தெரியவில்லை. திட்டவும் வரவில்லை.

திங்கட்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். எதற்கு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிடு, மறைக்காதே. பேருந்து நிலையத்தில் அவள் நின்றால், முதலில் ஆஸ்பத்திரி, பிறகு இன்ஸ்பெக்டர், இரண்டு இடத்திலும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஜெயிலென்றால் ஜெயில் வாசலிலும் நிற்பேன். அவள் வராவிட்டால் நான் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு, அதே பேருந்தில் திரும்பிவிடுவேன். அப்புறம் அவள் என்னைப் பாட்டி என்று கூப்பிட வேண்டாம்.

நீ வர வேண்டாம். அவள்தான் வர வேண்டும்.

அக்கா