மணிச் சத்தத்தை உச்சத்தில் வைத்தவருக்கு

மாடியறையை வாடகைக்குக் கேட்டு ஒரு தம்பதி வந்திருந்தார்கள். வெள்ளையடிப்பதற்காக நேற்று அந்தக் கதவைத் திறந்தேன். உங்கள் பொம்மை ரயில் எஞ்சின்களின் பல்சக்கரத்துக்கு விடுவீர்களே, அந்த எண்ணெயின் வாசனை, நீங்கள் போய் இத்தனை மாதமாகியும் அறைக்குள் அப்படியே நின்றது. வேறொருத்திக்கு அழுகை வந்திருக்கும். எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

உங்களை அடக்கம் செய்த அன்று போதகர், "அதிர்ந்து பேசாத மனுஷர்" என்று சொன்னார். சபையில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை.

மஸ்கட்டில் மின்நிலையத்து ஜெனரேட்டர் கூடத்தில் உங்களுக்கு வேலை. கல்யாணமான மறுவருடம் போனவர், பையன் படித்து முடிக்கும்வரை அங்கேயே இருந்தீர்கள். இங்கே தஞ்சாவூரில் உங்கள் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்தது நான். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா, நாற்றங்கால் விட்டார்களா என்று ஒரத்தநாட்டுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்ததும் நான்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த வருடங்களில் நம் தெருவில் பாதி வீடு அப்படித்தான் ஓடியது. நீங்கள் திரும்பி வந்த பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வந்ததும் பெட்டிகளைப் பிரித்து மாடியில் தண்டவாளம் போட்டீர்கள். அங்கே உங்கள் வெள்ளைக்கார மேலதிகாரி வீட்டில் பார்த்துப் பிடித்த ஆசையாம். பையன் ஜெயன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போன பிறகு, லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு புது எஞ்சின் வாங்கி வந்தான். ஒவ்வொன்றின் வயிற்றிலும் நகத்தளவு ஓர் எலக்ட்ரானிக் சில்லு, பக்கத்தில் குட்டி ஸ்பீக்கர். மணிக்கு ஓர் எண், விசிலுக்கு ஓர் எண், பிரேக் கிறீச்சிடுவதற்கு ஓர் எண், எஞ்சின் உறுமலுக்கு ஓர் எண். கையிலிருக்கும் கண்ட்ரோலரில் அந்த எண்ணைத் தட்டி அளவை மாற்றினால் அந்தச் சத்தம் மட்டும் கூடும், குறையும். எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றி இறக்கத் தனியாக ஓர் எண் உண்டு. நாள் முழுக்க அதில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். விசிலை ஏற்றுவீர்கள், ஓடவிட்டுக் கேட்பீர்கள், மறுபடி ஏற்றுவீர்கள்.

நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டீர்கள். "தண்ணி திறந்துட்டாங்களாம், நாளைக்கு வயலுக்குப் போகணும்" என்று சொல்வேன். பேப்பரிலிருந்து கண் எடுக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் சிநேகிதர் தேவசகாயம் வாசலில் நின்று அந்தக் கட்டைக் குரலில் "என்ன சார்" என்றால் போதும், "வாங்க வாங்க" என்று எழுந்து போவீர்கள். ஒருநாள் அவர் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"ஆம்பளைங்க பேச்சுக்கு மட்டும்தான் உங்க காது தெறக்குமா?"

அவர் சங்கடப்பட்டுச் சிரித்தார். நீங்களும் கூடவே சிரித்தீர்கள். நான் சொன்னது காதில் விழாமலே சிரித்தீர்கள் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்? என்னை நீங்கள் மதிக்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டி வருடக்கணக்கில் அதோடு வாழ்ந்தேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் கொல்லையில் துவைக்கிற கல்லருகே பாசி வழுக்கி விழுந்தேன். இடுப்பு அசையவில்லை. மாடி ஜன்னல் திறந்துதான் இருந்தது. "ஏங்க, ஏங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மேலே ரயிலின் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாதான் சுற்றுச்சுவர்க் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் என்னைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் இறங்கி வந்து, சமையல்கட்டில் நின்று, "காப்பி போடலையா?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியை நான் மன்னிக்கவில்லை.

இடுப்பெலும்புக்கு ஆபரேஷன் என்றதும் ஜெயன் ஓடி வந்தான். மாடிக்குப் போய் ரயிலை ஓடவிட்டுப் பார்த்தவன், முகம் மாறிக் கீழே வந்து என் கட்டிலருகே உட்கார்ந்தான்.

"அம்மா, மணி, விசில், பிரேக்கு எல்லாத்தையும் உச்சத்துல வெச்சிருக்காரு. நமக்குக் காதைக் கிழிக்குது. எஞ்சின் உறுமலை மட்டும் எறக்கி வெச்சிருக்காரு."

"அதுக்கென்ன?"

"அப்பாவுக்குக் கனமான சத்தம் கேக்குது. கீச்சுன்னு இருக்கறது எதுவுமே கேக்கலம்மா. ஜெனரேட்டர் பக்கத்துலயே நின்ன காது. ஒன் கொரலும் அந்தக் கீச்சுப் பக்கம்தான்."

அவன் உங்களிடம் கேட்டான். "எனக்கு நல்லாத்தான் கேக்குது. அது எஞ்சினுக்கு ஏத்த மாதிரி வெச்சது" என்று கதவைச் சாத்திக்கொண்டீர்கள். ஊருக்குக் கிளம்புமுன் மொத்தச் சத்தத்தையும் இறக்குவது எப்படி என்று அவனிடம் கற்றுக்கொண்டேன். எதற்கு என்று அவனும் கேட்கவில்லை.

கைத்தடியோடு நடக்க ஆரம்பித்ததும், நீங்கள் பட்டுக்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன நேரம் பார்த்து, ஒவ்வொரு படியாக ஏறிப் போனேன். எல்லா எஞ்சினையும் பூஜ்யத்துக்கு இறக்கினேன். சாயங்காலம் வந்து மேலே போனீர்கள். வெகுநேரம் கழித்து இறங்கி வந்தபோது உங்கள் முகம் வெளுத்திருந்தது.

"ரயில் ஓடுது. சத்தம் வரல. ஒனக்குக் கீழ கேட்டுச்சா?"

உங்கள் முகத்துக்கு நேராக நின்று, "நல்லா கேட்டுச்சே. உங்களுக்குக் கேக்கலையா?" என்றேன்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "கேக்கல" என்றீர்கள்.

இரக்கம் வரும் என்று நினைத்தேன். வந்திருக்கும், நீங்கள் அதோடு நிறுத்தியிருந்தால். "மஸ்கட்லயே டெஸ்ட்டுல சொல்லிட்டாங்க. அப்பவே தெரியும்" என்றீர்களே, அங்கேதான் எல்லாம் போயிற்று. தெரிந்துகொண்டே மறைத்தீர்கள். கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை வருடமும் உங்கள் பக்கத்தில் வந்து நின்று பேசியிருப்பேன். செவிடர் என்று நான் அறிவதைவிட, மதிக்காதவர் என்று நான் நினைப்பது உங்களுக்குத் தேவலாம் என்று இருந்தது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்னை ஒரு மாதிரி பாப்ப."

மறுநாள் சத்தத்தை நானே ஏற்றி வைத்தேன். நான் செய்ததை நேரடியாகச் சொன்னேன். அதற்காக வருத்தம் தெரிவிக்கவில்லை, இப்போதும் தெரிவிக்கப் போவதில்லை.

திருச்சிக்குப் போய்க் காது மிஷின் வாங்கினோம். அதை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய், ஒவ்வொரு எண்ணாகத் தட்டி மணியையும் விசிலையும் குறைத்தீர்கள், உறுமலைக் கூட்டினீர்கள். முதன்முறையாக அந்த ரயில் ரயில் மாதிரிக் கேட்டது. ஸ்டெல்லாகூட நன்றாயிருக்கிறது என்றாள். ஆனால் இறங்கி வரும்போது படியிலேயே மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். தினமும் அப்படித்தான்.

"ஏன் கழட்டுறீங்க?"

"கீழ ஒரே எரைச்சலா இருக்கு."

"கீழ நான் ஒருத்திதானே இருக்கேன்."

நீங்கள் சாப்பிட உட்கார்ந்தீர்கள். அது உங்களுக்குக் கேட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. எஞ்சின்களை ஜெயனே வந்து எடுத்துப் போனான். கடைசி வருடங்களில் உங்களிடம் பேசுவதற்காக என் குரலை அடித்தொண்டைக்கு இறக்கி, ஒவ்வொரு வார்த்தையாக, கனமாகப் பேசப் பழகியிருந்தேன். நீங்கள் போன பிறகும் அது மாறவில்லை. போனில் மருமகள், "அத்தை, எனக்கு நல்லா கேக்குது" என்கிறாள். சபையில் என் பாட்டு இப்போது ஆண்கள் வரிசையோடு சேர்கிறது. போன மாதம் குத்தகைக்காரர் அறுவடைக் கணக்கில் இழுத்தடித்தார். முன்பெல்லாம் நான் பேசப் பேச வேறெங்கோ பார்ப்பவர், இந்த முறை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்.

"ஏம்மா அதட்டுறீங்க?"

"அதட்டல. என் கொரலே இப்ப இதுதான்."

உங்களோடு வாழ்ந்ததில் எனக்கு மிஞ்சியது இந்தக் குரல். இதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டேன். நானே உண்டாக்கிக்கொண்டது இது, நானே வைத்துக்கொள்கிறேன்.