அண்ணன் வைத்த கைநாட்டு

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

பயப்படும்படி ஒன்றுமில்லை, வயிற்றெரிச்சல்தான். முப்பது வருடம் முன் கோபித்துக்கொண்டு போன என் அண்ணனை ஃபேஸ்புக்கில் கண்டுபிடித்துவிட்டேன். அதே முட்டைக்கண், தலைதான் வழுக்கை. நான் சமைக்கிற கேன்டீனில் உலை கொதிப்பதற்குள், "அண்ணா, எப்படி இருக்கீங்க?" என்று எழுதினேன்.

"நல்லா இருக்கேன் சிஸ்டர், என்ன சைஸ் கதவு வேணும்?" என்கிறான்! கதவுக்கடை வைத்திருக்கிறானாம். ஊரே அண்ணா என்று கூப்பிட்டால் கூடப்பிறந்தவளை எப்படித் தெரியும்?

அப்பா பெயர், அம்மா பெயர், அவன் சண்டை போட்ட கதை எல்லாம் எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம். அஞ்சாவது படித்து, வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுகிறவள் நான். எனக்கே கைநாட்டா?

கூட வேலை செய்யும் பெண், "அதுக்கு சரின்னு அர்த்தம் பாட்டி" என்றாள்.

எது சரி? தங்கச்சியா, கதவா?

நம் வீட்டு இரும்புப் பெட்டியில் நானும் அவனும் சின்ன வயதில் நிற்கிற ஃபோட்டோ இருக்கும். பேத்தியை அதை ஃபோனில் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், அவனுக்குக் காட்டுகிறேன். இங்கே எல்லோருக்கும் நான் பாட்டி. "ஏ வாயாடி" என்று கூப்பிட அவன் ஒருவன்தான் மிச்சம். அந்த ஃபோட்டோவைப் பார்த்தும் கட்டைவிரலை நீட்டினால், அவனிடமே கதவு வாங்கி அவன் முகத்திலேயே சாத்துவேன்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

கையெழுத்துப் போடத் தெரிந்த,
உங்கள் மனைவி