இரண்டாம் தாள்

2 மார்ச்

என் குட்டிக்கு,

முதல் தாளை வழக்கம்போல அம்மாவின் காதருகே உட்கார்ந்து வாசித்துக் காட்டு. போனில் என் குரல் தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கிறதாம் அவளுக்கு. கடிதம் என்றால் நீ வாசித்தாலும் நானே பேசுவதுபோல் இருக்கிறதாம். இந்த இரண்டாம் தாள் உனக்கு மட்டும்.

கோடை வந்தால் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் அங்கே மின்வெட்டு என்று செய்தியில் பார்த்தேன். அம்மாவின் ஆக்சிஜன் மெஷின் நின்றுபோனால் என்று நினைத்தாலே எனக்குக் கை கால் ஓடவில்லை. இன்வெர்ட்டருக்குச் சொல்லிவிட்டேன். கூடவே ஒரு கேமராவும் வரும். ஹாலில் மாட்டச் சொல். சத்தம் கேட்காது, படம் மட்டும்தான். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே உங்களை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

காலையிலேயே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடு. டார்ச்சைத் தேடிக்கொண்டு அலையாதே, ஆணியில் மாட்டி வை. உன் போன் எப்போதும் முழு சார்ஜில் இருக்கட்டும். டீச்சர் புத்தி, கட்டளை போடாமல் இருக்க முடியவில்லை.

நீ தனியாகப் படும் பாடு எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

உன் அக்கா

15 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நாற்பத்துமூன்று வயதுக் குட்டி எழுதுகிறேன். நூலகத்தில் விடுப்பை இன்னும் மூன்று மாதம் நீட்டித்திருக்கிறார்கள். தலைமை நூலகர் முகத்தை ஏழு முழத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

உன் முதல் தாளை அம்மா மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டே, "இன்னொரு தாள் வந்திருக்குமே, அதையும் படி" என்றாள். "இல்லம்மா, இவ்வளவுதான்" என்றேன். "உங்க ரெண்டு பேரையும் பெத்தவ நான். கவர் கனம் எனக்குத் தெரியாதா?" என்றாள். இனி இரண்டாம் தாளை அவள் கண்ணெதிரே பிரிக்கக் கூடாது.

இன்வெர்ட்டர் வந்து, ஒயர்மேனும் வந்து மாட்டிவிட்டுப் போனார். ஆனால் அதிலிருந்து வரும் லைன் ஹாலுக்கு மட்டும்தான். "அம்மா ரூமுக்குத் தனியா இழுக்கணும்னா சுவரைக் கொத்தணும்க்கா. ரெண்டு நாள் வேலை, வீடெல்லாம் தூசி பறக்கும்" என்றார். அந்தத் தூசியை அம்மாவின் நெஞ்சு தாங்காது. வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அதனால் ஹால் பிளக்கில் நீள ஒயரைச் செருகி, கதவுக்கு அடியில் விட்டு, மெஷினுக்குக் கொடுத்திருக்கிறார். "கதவை மட்டும் சாத்திடாதீங்க, ஒயர் இழுத்துக்கும்" என்று இரண்டு முறை சொன்னார்.

கட்டிலை ஹாலுக்கே மாற்றலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "போறவன் வர்றவன் எல்லாம் பாக்க நான் என்ன கடை பொம்மையா? மூக்குல குழாயோட என்னை நடுவீட்டுல போடாதே" என்றாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

இன்வெர்ட்டர் பெரிய வாயாடி. கரண்ட் போனதிலிருந்து வரும்வரை கீ கீ என்று கத்திக்கொண்டே இருக்கிறது. முதல் நாள் பதறினேன். இப்போது காது பழகிவிட்டது.

நீ இரண்டு வாரம் வந்து இருந்துவிட்டுப் போனால் என்ன? கேட்டு வைக்கிறேன்.

உன் குட்டி

4 ஏப்ரல்
(இரண்டாம் தாள்)

என் குட்டிக்கு,

நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. அம்மாவை ஹாலுக்குக் கொண்டு வா. அவள் ஆயிரம் சொல்வாள். நீயும் அவளோடு சேர்ந்து தலையாட்டினால் எப்படி? அவளை ஹாலில் போட்டால் மெஷினுக்கு நேர் பிளக், எனக்கும் அவள் முகம் தெரியும். இப்போது கேமராவைத் திறந்தால் காலி சோபாவும் சாத்துக்குடிக் கூடையும்தான் தெரிகின்றன. சுவர் பிளக்கிலிருந்து தரையோடு ஓடும் அந்த ஒயரைப் பார்க்கவே சகிக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பார்த்தேன், நீ இல்லை. பன்னிரண்டுக்குப் பார்த்தேன், அப்போதும் இல்லை. எங்கே போயிருந்தாய்? புதன்கிழமை மத்தியானம் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாய். தூங்காதே என்று சொல்லவில்லை. மின்வெட்டு நேரத்தில் கொஞ்சம் விழிப்பாக இரு என்கிறேன்.

வரச் சொல்கிறாய். பரீட்சை நேரத்தில் லீவு கேட்டால் தரமாட்டார்கள். நினைத்தவுடன் விடுப்பு எடுக்க என் வேலை நூலக வேலை இல்லை. இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அம்மாவுக்காக எனக்கு மட்டும் துடிக்காதா?

இன்னும் சில விஷயங்கள் பின்பக்கம்.

உன் அக்கா

12 மே

குட்டி,

வந்திருந்த ஐந்து நாளும் வீடு நிறைய ஆட்கள். உன்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. 

அம்மா போன அன்றைக்கு நாலு பத்துக்கு நான் கேமராவைத் திறந்தேன். நீ ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தாய். அம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. எப்போதுதான் எழுந்து போகிறாள் பார்ப்போம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்தெட்டு நிமிடம், குட்டி. நாலு முப்பத்தெட்டுக்குத்தான் எழுந்தாய். பிறகு நீ ஓடியதைப் பார்த்தேன்.

நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லி அம்மா வரப்போவதில்லை. ஆனால் அப்படி என்னதான் படித்துக்கொண்டிருந்தாய்? இதை மட்டும் எனக்குச் சொல். அது தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அக்கா

30 மே

அக்காவுக்கு,

கேட்டிருந்தீர்கள், சொல்கிறேன்.

அன்றைக்கு நாலு மணிக்குக் கரண்ட் போனது. அதற்குச் சற்று முன்புதான் தபால் வந்திருந்தது. கவரை அம்மா பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்து, "படி, படி" என்றாள். பிரித்தேன். இரண்டாம் தாள் மேலே இருந்தது. முதல் வரியைப் பார்த்ததுமே அவள் முன்னால் படிக்கக் கூடியதில்லை என்று தெரிந்துவிட்டது. "இரும்மா, கண்ணாடி எடுத்துட்டு வரேன்" என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் முகத்தை அவள் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்தினேன். அந்த ஒயர் போட்ட பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை.

நான் படித்துக்கொண்டிருந்தது அந்த இரண்டாம் தாளைத்தான்.

இருபத்தெட்டு நிமிடமும் படித்தேன் என்று சொல்லமாட்டேன். முன்பக்கமும் பின்பக்கமும் படிக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மீதி நேரமெல்லாம் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மனதுக்குள் உங்களோடு சண்டை போட்டேன். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன், பன்னிரண்டுக்கு அவள் துணிகளை அலசிக்கொண்டிருந்தேன் என்று வாக்கியம் வாக்கியமாகப் பதில் கட்டினேன். மிக நல்ல பதில். உங்களால் வாயே திறக்க முடியாது.

கீ கீ சத்தம் கேட்டது. இன்வெர்ட்டர்தான் கத்துகிறது என்று இருந்தேன். கரண்ட் இல்லாமல் நின்றால் மெஷினும் அதே மாதிரிதான் கத்தும் என்பது கதவைத் திறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கதவைச் சாத்தியது நான். சுவரைக் கொத்த வேண்டாம் என்றதும் நான். யாரும் சொல்லாமலே இந்த இரண்டையும் தினமும் என் தலையில் போட்டுக்கொள்கிறேன். நீங்கள் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை.

எனக்கும் உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. கேமரா மாட்டியிருந்த இடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று பார்த்தேன். அங்கிருந்து சோபா தெரிகிறது. அம்மாவின் அறைக் கதவு தெரிகிறது. பார்க்கச் சகிக்கவில்லை என்று நீங்கள் எழுதிய ஒயரும், அது செருகியிருந்த சுவர் பிளக்கும் நன்றாகவே தெரிகின்றன. பிளக் கழன்று தரையில் கிடந்தது எனக்கு முதுகுப் பக்கம். உங்களுக்கு நேர் எதிரே. இருபத்தெட்டு நிமிடமும் கண்ணெடுக்காமல் பார்த்திருக்கிறீர்கள். திட்டுவதற்காகவாவது ஒரு போன் செய்திருக்கலாம். போன் என் மடியில்தான் இருந்தது, முழு சார்ஜில்.

பதில் எழுத வேண்டாம். நம் இருவரில் யாருக்குத் தூக்கம் வந்தாலும் அது தப்பாகத்தான் இருக்கும்.

கேமராவைக் கழற்றிவிட்டேன். இன்வெர்ட்டரை ஒயர்மேனே எடுத்துப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். கரண்ட் போனால் போகட்டும், இந்த வீட்டில் இனி நிற்பதற்கு ஒன்றுமில்லை.

அன்று வந்த கவரில் இருந்த முதல் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மடிப்புப் பிரிக்கவில்லை. கண்ணாடி எடுத்துக்கொண்டு வந்து படிக்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அது அவளுக்கு எழுதியது, எனக்கு வேண்டாம்.

தங்கை