ரைட் அவுட் இறங்காத ஞாயிற்றுக்கிழமை

பாய்,

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வரி நேராகத்தான் கிளம்புகிறது, பாதி தாள் தாண்டியதும் பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. ஒரு 'ழ' போட்டு முடிப்பதற்குள் விரல் நோகிறது. ஆனால் இது நானே எழுதியது. பேனாவும் என்னுடையது. இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடத்துகிறார்கள். டீச்சரம்மா ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, யாருக்காவது கடிதம் எழுதுங்கள் என்றார். பக்கத்து பெஞ்சுக்காரர் சாக்கடை அடைப்பைப் பற்றி ஆபீசுக்கு எழுதினார். நான் உங்களுக்கு எழுதப்போகிறேன் என்றேன். அவர் எங்கே இருக்கிறார் என்று டீச்சரம்மா கேட்டார். போன மழைக்காலத்தில் மௌத்தாகிவிட்டார், நானும் போய் மண் போட்டுவிட்டு வந்தேன் என்றேன். டீச்சரம்மா தாளை என் பக்கம் நகர்த்தினார். "சரிங்க தாத்தா, விலாசம் எழுதற வேலை மிச்சமுங்க" என்றார்.

வகுப்பில் இரண்டு வரிதான் வந்தது. மீதியை வீட்டில் எழுதுகிறேன். உட்காருவதற்கு முன் வலது முட்டிக்கு எண்ணெய் தேய்த்தேன். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். மேட்ச் நாளில் நீங்கள் ஒரு பாட்டில் நிறையக் கொண்டுவந்து வரிசையாக எல்லோர் காலுக்கும் ஊற்றுவீர்களே, அதே எண்ணெய். அந்த வாசனை மூக்கில் ஏறியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடுவே எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன். மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். என்றாலும் முதலிலிருந்து எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசியில் நீங்களும் நானும் மில்லில் நூல் நூற்கிற ஸ்பின்னிங்கில், இரண்டு மிஷின் வரிசைக்கு நடுவே ஒரே சந்தில் எதிரும் புதிருமாக வேலை பார்த்தோம். நீங்கள் நிரந்தர ஆள், மில் புட்பால் டீமுக்கு கேப்டன், நடுவில் நிற்கிற சென்டர் ஹாப். நான் சூலூரிலிருந்து பந்து உதைத்துக்கொண்டே வந்து சேர்ந்த பதிலி. நிரந்தர ஆள் வராத நாளில்தான் எனக்கு வேலை. ஆட்டம் நன்றாக ஆடினால் மில்லில் நிரந்தரமாக்குவார்கள் என்று என்னைக் கூட்டிவந்திருந்தார்கள். எனக்கு ரைட் அவுட், வலது கோட்டோரம் ஓடுகிற இடம். முதல் நாளே என்னைக் கேலி செய்தீர்கள். "ஏனுங்க நாயுடு, மில்லே உங்க ஆளுங்களுது. உங்களை எதுக்குங்க பதிலியா வெச்சிருக்காங்க?" மொதலாளி காரில் போனால் தூசி என் மேல்தான் விழுகிறது, அந்த அளவுக்குத்தான் சொந்தம் என்றேன். அன்றிலிருந்து நாம் சிநேகிதர்கள்.

அந்த வருஷப் போட்டியில் அரையிறுதிக்கு முந்தின ஆட்டத்தில் என் வலது முட்டி திருகிக்கொண்டது. அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்ற முடியாது. இறங்கிய பதினோரு பேர்தான் கடைசிவரை. ஒருவன் விழுந்தால் மீதிப் பத்துப் பேர் அவன் பங்கையும் ஓட வேண்டும். நீங்கள் என்னைத் தூக்கி நிறுத்திக் கோட்டோரம் விட்டீர்கள். "சும்மா நில்லுங்க, அது போதும். உங்களைப் பாத்துக்கிட்டு அவங்காளு ஒருத்தன் நிப்பானில்ல?" என்றீர்கள். நான் நின்றேன். என் இடத்தையும் உங்கள் இடத்தையும் சேர்த்து நீங்கள் ஓடினீர்கள். ஆட்டம் முடிந்ததும் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தீர்கள். ஜெயித்தோம்.

மறுநாள் பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில் கட்டுப் போடுகிற ஒருவரிடம் என்னைக் கூட்டிப்போனீர்கள். அவர் உளுந்து மாவும் முட்டையின் வெள்ளையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். திரும்பும்போது பஸ்ஸில், "இன்னும் கொஞ்சம் மாவு ஊத்தியிருந்தா நாலு வடை சுடலாமுங்க" என்று நீங்கள் சொல்ல, முன் சீட்டுக்காரர் திரும்பி என் காலைப் பார்த்தார். சிரித்தால் முட்டி வலித்தது. சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.

நான் இல்லாமலே பைனலுக்குப் போய்விட்டீர்கள். அதற்குள் என் கட்டும் பிரிந்தது. மில் டாக்டர் பார்த்துவிட்டு, நடக்கலாம், ஓடலாம், ஆடுவது உன் இஷ்டம் என்றார். மைதானத்தைச் சுற்றி ஓடிக் காட்டினேன். பந்தை ஓங்கி உதைத்தும் காட்டினேன். எல்லோரும் தேறிவிட்டது என்றார்கள். பைனல் ஆடுகிறவர்களை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். நிரந்தரமானால் பெண்ணைக் கொடுப்பதாகச் சூலூரில் பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். இரண்டும் என் ஒரு முட்டியில் தொங்கின. நீங்கள் மட்டும் வேண்டாம் என்றீர்கள்.

ஷிப்ட் முடிந்து கைகால் கழுவுகிற இடத்தில் உங்களைப் பிடித்துக்கொண்டேன். "டாக்டரே சொல்லிப்போட்டாருங்க. நீங்க யாருங்க என்னை நிறுத்த? காலு என்னுதுங்க" என்றேன்.

"காலு உங்களுதுதானுங்க. டீமு பதினோரு பேருதுங்க."

"எங்கீங்க நொண்டறேன்? காட்டுங்க."

நீங்கள் தண்ணீர்க் குழாயை மூடினீர்கள். யோசித்து, சொல்லலாமா வேண்டாமா என்று இழுத்து, கடைசியில் சொன்னீர்கள். "நூலு அறுந்தா எந்த முட்டியிலங்க பிரேக்கை அமுக்கறீங்க?"

நூல் அறுந்தால் அந்த நூல் சுற்றுகிற ஸ்பிண்டிலை மட்டும், அதன் பிரேக்கை முட்டியால் அழுத்தி நிறுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் நூலை ஒட்டிவிடுவோம். ஒரு ஷிப்டுக்கு எத்தனை தரம் என்று யாரும் எண்ணுவதில்லை. எந்தக் கால் போகிறது என்றும் யாரும் பார்ப்பதில்லை. அது தானாகப் போகும். அடிபடுவதற்கு முன் எனக்கு எப்போதும் வலது முட்டிதான். கட்டுப் பிரித்து வேலைக்கு வந்த நாள் முதல் இடது முட்டி போகிறதாம். எனக்கே தெரியாது. சந்தின் எதிர்ப் பக்கத்திலிருந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

"உங்க மனசு தேறிப்போச்சுங்க. காலு இன்னும் ஒளிஞ்சுக்குது. தடுக்கற பேக் ஆளு ஒருத்தன் மேல வந்து விழறப்பவும் அது ஒளியப் பாக்குமுங்க. அப்பத்தான் ஒடியும்" என்றீர்கள்.

அந்த ஞாயிறு நான் இறங்கவில்லை. பைனல் சமனாக முடிந்தது. அடுத்த ஞாயிறு மறுபடி ஆட வேண்டும் என்றார்கள்.

பாய், அதற்கடுத்த ஆறு நாளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை முதல் நூல் அறுந்ததும் நான் குனிந்து என் முட்டியைப் பார்த்தேன். வலதா, இடதா? பார்த்துவிட்டால் அது எப்படித் தானாகப் போகும்? வலதை வைத்தால், தேறியதால் வைத்தேனா, நீங்கள் சொன்னதால் வைத்தேனா? இடதை வைத்தால், வலியாலா, பயத்தாலா? அடுத்த நூல் அறுந்தது. நூல் அறாமல் இருந்தாலும் மனசு அறுந்துகொண்டே இருந்தது. நிமிர்ந்தால் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

விஷயம் எப்படியோ பரவிவிட்டது. புதன்கிழமைக்குள் டிபார்ட்மென்டில் பாதிப் பேர் என் சந்தை எட்டிப் பார்த்தார்கள். ஒரு டீக்குப் பந்தயம். "வலது!" என்று ஒருவன் கத்துவான். "அட, அது எடதுங்க, உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்பான் இன்னொருவன். மேஸ்திரி வந்து, "நூலைப் பாருங்கடா, நாயுடு காலை அவன் பாத்துக்குவான்" என்று விரட்டினார். விரட்டிவிட்டு அவரும் ஒரு கணம் நின்று பார்த்தார்.

சனிக்கிழமை நீங்கள் என்னைக் கேன்டீனுக்குப் பின்னால் கூப்பிட்டீர்கள்.

"நான் கெடுத்துப்போட்டேனுங்க" என்றீர்கள். "வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, தேறுன அன்னைக்கு உங்க காலே எனக்குக் காட்டியிருக்கும். இனி நான் பாத்தும் பிரயோசனமில்லைங்க. அது யோசிக்க ஆரம்பிச்சிருச்சு."

"அப்ப யாருங்க சொல்றது?"

"நீங்கதானுங்க. இறங்கறேன்னீங்கன்னா ரைட் அவுட் உங்களுது. நான் மறு பேச்சுப் பேசமாட்டேன்."

அதுவரை உங்களோடு சண்டை போட்டது எவ்வளவு சுகம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா சூலூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. மைதானத்தில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் பூட்ஸை மாட்டி இரண்டு காலையும் உதறிப் பார்த்தேன். வலியில்லை. ஒரு சொட்டு வலியில்லை, பாய். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் எண்ணெய் பாட்டிலோடு வரிசையில் வந்துகொண்டிருந்தீர்கள். அடிபட்ட அன்றைக்கு நான் கோட்டோரம் மரம் மாதிரி நின்றதும், நீங்கள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்ததும் கண் முன்னால் வந்தது. வலியில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கால் ஒளியாது என்பது தெரியவில்லை. நீங்கள் என் முன்னால் குனிந்தபோது, "இன்னைக்கு வேண்டாமுங்க பாய்" என்றேன்.

நீங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டீர்கள். நல்லது என்றுகூடச் சொல்லவில்லை.

நான் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பெண்ணின் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னங்க மாப்ள, உங்க ஆட்டத்தைப் பாக்க வந்தா, நீங்களும் எங்கூட உக்காந்து ஆட்டம் பாக்கறீங்க?" என்றார். முட்டி இன்னும் சரியாகவில்லை என்றேன். அவர் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "சரியாகட்டுமுங்க. அதுக்கப்புறம் பாப்பம்" என்றார். எதைப் பார்ப்பதாகச் சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு கோலில் தோற்றோம். கடைசி நேரத்தில் அந்தப் பந்து வலது பக்கம் வந்தது. அவர்கள் கோல்கீப்பர் விழுந்து கிடக்கிறான். கோல் திறந்து கிடக்கிறது. என் இடத்தில் ஆடிய பையன் ஓடிவந்து ஓங்கி உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே, மரத்துக்கு மேலே போய் ரோட்டில் விழுந்தது.

மேனேஜர் நேராக நம்மிடம் வந்தார். என்னைக் காட்டி, "இவன் ஏன் இறங்கலை?" என்று உங்களைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். நீங்கள் பூட்ஸ் காலால் என் பாதத்தை மிதித்தீர்கள், அதுவும் நல்ல காலை. "நாந்தானுங்க நிறுத்தினேன். அவரு ஆடறேன்னுதான் நின்னாருங்க" என்றீர்கள். ஒரு பதிலி தானே மாட்டேன் என்றான் என்று தெரிந்தால், மறுநாள் என்னை மில் கேட்டுக்குள் விட்டிருக்க மாட்டார். உங்களுக்கு அது தெரியும். அந்த இடத்திலேயே கேப்டன் பதவியை உங்களிடமிருந்து பிடுங்கினார். நீங்கள் "சரிங்க" என்றீர்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "கெடுத்தது நானுங்களே" என்றீர்கள். அதற்கு மேல் பேச விடவில்லை. அடுத்த வருஷமும் அதே சென்டர் ஹாபில் நின்று அதே சத்தம் போட்டீர்கள். புதுக் கேப்டன் ஒவ்வொன்றுக்கும் உங்கள் முகத்தைத்தான் பார்த்தான். நான் அந்த வருஷம் முழுவதும் ஆடினேன், நிரந்தரமானேன். சூலூர்க்காரரும் பெண்ணைக் கொடுத்தார். அந்த முட்டியோடு அறுபதுகள் முடியும்வரை ஆடினேன். நீங்கள் மறுபடி கேப்டன் ஆகவேயில்லை.

நிறுத்தியது பாய்தான் என்று மில்லில் எல்லோரும் கடைசிவரை நம்பினார்கள். தோற்றதற்கும் உங்களையே சொன்னார்கள். அப்படியில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன், நாயுடு பாய்க்காகப் பரிந்து பேசுகிறான் என்று சிரித்தார்கள். பேச்சை யாரும் நம்பவில்லை. இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு வேண்டாம் என்றது நான். பாய் இல்லை. இந்த வரி மட்டும் கோணாமல் வந்திருக்கிறது, பாருங்கள்.

இதை நாளைக்கு வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கப்போகிறேன். சாக்கடைக்காரர் கேட்கட்டும்.

ஆனால் ஒன்று பாய், நான் வேண்டாம் என்றது சரியா என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை. காலில் வலியில்லை என்றேனே, அதுதான் விடமாட்டேன் என்கிறது. அந்தப் பந்தை நான் இன்னும் உதைத்துக்கொண்டிருக்கிறேன். தூக்கத்தில் உதைப்பேன், வீட்டுக்காரி இருந்தவரை சுவர்ப் பக்கம் நகர்ந்து படுத்துக்கொண்டு திட்டுவாள். ஒரு நாளைக்குத் தாழ்வாகப் போய்க் கோலாகிறது. ஒரு நாளைக்கு முட்டி ஒடிகிறது. நீங்கள் இருந்தால், "எந்தக் காலுலங்க உதைச்சீங்க?" என்று கேட்டுச் சிரித்திருப்பீர்கள். விரல் மரத்துவிட்டது, தாளும் முடிகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை புதுத் தாள் வாங்கி உட்காருவேன். அந்தப் பந்துக்கு நீங்கள் ஒரு பதில் யோசித்து வையுங்கள்.