கல்லூரிக்குப் போன ஜாதகம்

மொரப்பூர்
25-8-2022

என் கண்ணு மாதவராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றும் சுகமாக இருக்கிறோம், அப்பாவுக்கு மட்டும் இந்த மழை ஈரத்தில் இருமல் வந்து வந்து போகிறது, மாத்திரை வாங்கிக் கொடுத்தால் ஒன்றை முழுங்கிவிட்டு மீதியைச் சட்டைப்பையிலேயே விட்டு அதையும் சேர்த்துத் துவைக்கப் போட்டுவிடுகிறார். புனேயிலும் விடாத மழை என்று டிவியில் சொன்னார்கள், நனையாமல் போய்வருவாய் என்று நினைத்துக்கொண்டே இதை எழுத உட்கார்ந்தேன். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டியதற்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அங்கே உன் நடனக் கல்லூரி மேல் கேஸ் நடக்கிற இந்தச் சமயத்தில் நம் பேச்சை யார் யார் ஒட்டுக்கேட்கிறார்களோ. போன மாதம் நீ கூப்பிட்டபோதெல்லாம் நடுவில் டொக் டொக் என்று ஒரு சத்தம் வந்தது, அப்பா டவர் கோளாறு என்கிறார், அவர் எதைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். அதனால் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். கவரைக் கையில் வாங்கியதும் பிரித்து ஒட்டினதுபோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

பன்னிரண்டாம் தேதி நீ போன் செய்தாய். கல்லூரிக்காரர்கள் கன்ஸ்யூமர் கோர்ட்டில் கொடுத்த காகிதக் கட்டில் என் கையெழுத்துப் போட்ட ஒரு தாளும், நம் பட்டுப்புழு ஷெட்டின் போட்டோவும், அதற்குப் பின்னால் உன் ஜாதகமும் இருப்பதாகச் சொல்லி, "என் ஜாதகம் அவங்க கைக்கு எப்படிம்மா போச்சு" என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை ஒன்றும் இல்லை. அதிலிருந்து நீயும் கூப்பிடவில்லை, எனக்கும் கூப்பிட முகமில்லை. மரத்தரை போட்ட ஹாலுக்கும் மேடைக்கும் விளக்குக்கும் சேர்த்துத்தான் வருஷம் ஒன்றரை லட்சம் வாங்கினார்கள், கொரோனாவில் இரண்டாம் வருஷம் பூராவும் போனிலேயே பாடம் நடத்திவிட்டு ஒரு பைசா குறைக்கவில்லை, அதைத் திருப்பிக் கொடு என்று பத்தொன்பது பிள்ளைகள் சேர்ந்து கேட்கிறீர்கள். இதில் உன் அம்மாவே எதிராளிக்குச் சாட்சி சொல்லியிருக்கிறாள் என்று உன் கூட்டாளிகள் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா. நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

ஆனி மாதம் நம் தெருக் குள்ளம்மாள், இந்த ஊர்க் கல்யாணத்தில் பாதிக்கு வரன் சொன்னவள், ஓசூரில் உனக்கு ஓர் இடம் இருப்பதாகச் சொன்னாள். நீ வேண்டாம் என்பாய் என்றுதான் உன் காதில் போடவில்லை. "அவுங்க சொல்லிட்டு வர மாட்டாங்க நிர்மலா, வேற எதுக்கோ வந்தாப்பல வந்து வூடு வாசலைப் பாத்துட்டு நாலு கேள்வி கேட்டுட்டுப் போயிருவாங்க, ஆடி பொறக்கறதுக்குள்ள வருவாங்க, சூதானமாப் பேசு" என்று சொல்லி வைத்தாள். அவள் சொன்ன ஐந்தாம் நாள் கர்நாடகா நம்பர் போட்ட வெள்ளைக் கார் வாசலில் நின்றது. அப்பா பட்டுக்கூடு எடுத்துக்கொண்டு தருமபுரி மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். வந்தவர் பெயர் கிருஷ்ணப்பன் என்றார், கூட ஒரு பெண், கையில் ஆப்பிளும் சாத்துக்குடியும். பையன் படித்த கல்லூரியிலிருந்து வருகிறோம், உங்களிடம் நாலு வார்த்தை விசாரித்துப் போகலாம் என்று வந்தோம் என்றார், பேச்சில் கன்னடம் கலந்திருந்தது. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மூன்று வருஷமாகப் பணம் கட்டினோம், அங்கிருந்து ஒரு ஈ காக்கா எட்டிப் பார்த்ததில்லை, இப்போது பழம் வாங்கிக்கொண்டு வருவார்களாமா, யாரிடம் கதை விடுகிறார்கள், இது ஓசூர்ப் பெண் வீடேதான் என்று வாசற்படியிலேயே முடிவு கட்டிவிட்டேன். பெரிய ஆளைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை வேறு எனக்கு.

அதற்கேற்றாற்போல் அவர் கேட்டதெல்லாம் மாப்பிள்ளை வீட்டில் கேட்கிற கேள்வியாகவே இருந்தது கண்ணு. சொந்த வீடா, எத்தனை அறை, கரண்ட் நிற்குமா, இன்டர்நெட் உண்டா, பையன் வீட்டில் இருந்த காலத்தில் படிப்பு ஒழுங்காக நடந்ததா. பெற்றவள் வெளியாளிடம் பிள்ளையைக் குறைத்தா சொல்லுவாள்? ஷெட்டைத் திறந்து காட்டினேன். அப்போதுதான் கூடு எடுத்து முடித்து, தட்டுகளைக் கழற்றி வெளியே காயப்போட்டு, கழுவிச் சுண்ணாம்பு அடித்து, அறுபதடி ஷெட்டும் பளிச்சென்று காலியாகக் கிடந்தது. "இது பூரா எம்பையன் ஆடறதுக்குன்னே வுட்டிருக்கறமுங்க" என்றேன், புழுவைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்தப் பெண் போட்டோ எடுத்தாள், ஊரில் போய்ப் பெண்ணிடம் காட்டுவாள் என்று ஓரத்தில் கிடந்த விளக்குமாற்றைக்கூட எடுத்து ஒளித்து வைத்தேன். போனில் பாடம் எப்படி என்றார், நேரில் போய்ப் படித்ததைவிட நன்றாகவே கற்றுக்கொண்டான் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, முழங்காலில் ஏதோ அடி என்று கேள்விப்பட்டோமே என்றார். இவ்வளவு தூரம் துப்பு விசாரித்திருக்கிறார்களே, எவள் வத்தி வைத்தாளோ என்று தெருவில் நாலு வீட்டுக்காரிகள் மேல் சந்தேகம் ஓடியது. "எம்பையனுக்கு ஒரு தலைவலி காய்ச்சல்கூட வந்ததில்லைங்க, எவனோ பொறாமையில சொல்லியிருப்பான்" என்று அடித்துச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த தாளை, வந்து போனதற்கு அடையாளமாக ஒரு கையெழுத்து என்று நீட்டினார், முழுக்க இங்கிலீஷ். ரேஷன் கடையில் விரல் வைப்பதற்கே நாலு கேள்வி கேட்கிறவள் நான், அன்றைக்கு மட்டும் ரொம்பக் கேட்டால் மாமியார் கறார்ப் பேர்வழி என்று பெண்ணிடம் சொல்லிவிடுவார்களே என்று பேசாமல் போட்டுக் கொடுத்தேன். அதோடு விட்டேனா, ஜாதகம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்று நானாகவே உள்ளே போய் நகலை எடுத்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த மனுஷர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று பையில் வைத்துக்கொண்டார். உன் ஜாதகம் போனது இப்படித்தான்.

நீ போன் செய்த பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது, புனேக் கல்லூரிதான் கர்நாடகாவில் ஆள் பிடித்து அனுப்பியிருக்கிறது. முழங்கால் சங்கதி அவர்களுக்குத் தெரிந்தது நீயே கேஸில் எழுதிக் கொடுத்ததால், அதைப் பொய்யாக்கத்தான் என் வாயைக் கிளறியிருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை, சாப்பிட்டுக் கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "ஊருல இருக்கறவனையெல்லாம் சந்தேகப்படுவ, ஏமாத்த வந்தவனுக்கு மட்டும் மஞ்சள் வெச்சுக் குடுத்தனுப்புவ" என்றார். அதற்கப்புறம் வாசலில் சைக்கிள் நின்றால்கூட யார் எவர் என்று பார்த்துத்தான் கதவைத் திறக்கிறேன், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடம் அடையாள அட்டை கேட்டு அவர் கோபித்துக்கொண்டு போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஒரு கார். வயதான தம்பதி ஒன்று, பட்டுப்புழு வளர்ப்பை நேரில் பார்க்க வந்தோம், நாங்களும் வைக்கலாம் என்று யோசனை என்றார்கள். பளபளவென்று வேஷ்டி, காலில் சேறு படாமல் பார்த்துப் பார்த்து நடக்கிறார், இவரா புழு வளர்க்கப் போகிறவர்? கல்லூரிக்காரன் திரும்ப ஆள் அனுப்பியிருக்கிறான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. தண்ணீர்கூடக் கொடுக்காமல் கட்டிலில் உட்கார வைத்து, போன தடவை எழுதினீர்களே, இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். இந்த ஷெட் புழுவுக்குக் கட்டினது, மாதத்தில் இருபத்தைந்து நாள் புழுவும் கூடும் இருக்கும், என் பிள்ளைக்குக் கிடைத்தது நடுவில் நாலைந்து நாள்தான், மற்ற நாளெல்லாம் ராகி அடிக்கிற சிமெண்டுக் களத்தில் வெயிலில் குதித்தான் என்றேன். அங்கே விழுந்துதான் முழங்கால் வீங்கியது, போனில் இருந்த வாத்தியார் உட்கார்ந்தபடியே கையை மட்டும் ஆட்டு என்றார், ஸ்கேனில் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறது என்றேன். பிறகு உன்னிடம்கூட நான் சொல்லாத ஒன்றையும் அவர்களிடம் சொன்னேன். நீ உள்ளே நிஜமாகவே ஆடுகிறாயா, போனை முன்னால் வைத்துக்கொண்டு படம் பார்க்கிறாயா என்று எனக்கு அப்போது ஒரு சந்தேகம். ஒருநாள் காலையில் ஷெட் முழுக்கச் சுண்ணாம்புத் தூளை மெல்லிசாகத் தூவி விட்டேன், புழு வரும் முன் வழக்கமாகத் தூவுவதுதானே என்று நீயும் கேட்கவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் போன் வைத்த இடத்துக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்குள் மட்டும்தான் காலடி, மற்ற தரையெல்லாம் தூவினது தூவினபடி. அறுபதடி இருந்தும் நின்ற இடத்திலேயே நிற்கிறான், நம்மை ஏமாற்றுகிறான் என்று உன்னை அவ்வளவு பேச்சுப் பேசினேன். "அதைத் தாண்டிப் போனா சாருக்கு நான் தெரிய மாட்டேம்மா" என்று நீ சொன்னதைச் சாக்கு என்று நினைத்தேன். ஆட்டம் படிக்கப் போன பிள்ளையை ஒரு பாய்க்குள் நிற்கப் பழக்கிவிட்டு முழுப் பணம் வாங்கிக்கொண்டீர்களே, உங்களுக்கு நியாயமா என்று அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டேன், கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர்கள் ஒன்றையும் எழுதவில்லை. அந்த அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப கால் எப்படிங்க இருக்குது பையனுக்கு" என்று கேட்டார். நீ புனேக்குத் திரும்பிப் போய் வருஷம் ஒன்று ஆகிறது, சாப்பிட்டாயா, சம்பளம் வந்ததா, யாரோடு சுற்றுகிறாய் என்று பன்னிரண்டாம் தேதி வரை தினமும் துருவித் துருவிக் கேட்டேன், கால் எப்படி இருக்கிறது என்று ஒருநாள் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது போல. அதற்குள் குள்ளம்மாள் தலைதெறிக்க ஓடிவந்தாள், இவர்கள்தான் ஓசூர்க்காரர்களாம். ஆடியில் வரக்கூடாதென்று ஆவணியில் வந்திருக்கிறார்கள். காபி போடுகிறேன் என்றேன், இன்னொரு நாள் குடிக்கிறோம் என்று போய்விட்டார்கள். குள்ளம்மாள் இப்போது என்னைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு போகிறாள். போனால் போகட்டும், கால் அடிபட்டது தெரிந்து வருகிறவள் வரட்டும்.

இந்தக் கவரில் உன் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் டாக்டர் சீட்டையும் வைத்திருக்கிறேன். நீ இரண்டு தடவை கேட்டபோதும் கிடைக்கவில்லை என்றேன், அது பொய், பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில்தான் இருந்தது, வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று நான்தான் ஒளித்து வைத்தேன். வக்கீலிடம் காட்டும்போது நீயும் கூடவே நில், அவர் மேலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை, ஜெராக்ஸைக் கொடு, அசலைக் கொடுக்காதே. கல்லூரிக்குச் சாட்சி சொல்கிறவள் எதற்கு மஞ்சள் தடவி ஜாதகம் கொடுக்கப் போகிறாள் என்று ஜட்ஜிடம் அவரைக் கேட்கச் சொல். நான் இங்கிருந்தே வீடியோவில் பேசினால் போதும் என்று வக்கீல் போனில் சொன்னதாக அப்பா சொன்னார். போனில் பாடம் நடத்தின லட்சணத்தைப் பார்த்த பிறகு போனில் சாட்சி சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அடுத்த மாதம் விசாரணைக்கு முந்தின நாளே தருமபுரி வழியாகப் போகிற பம்பாய் வண்டியில் நானும் அப்பாவும் வந்துவிடுகிறோம், முன்பு சொன்னது அத்தனையும் பொய் என்று நேரில் நின்று என் வாயால் சொல்கிறேன். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே, நல்ல மனுஷனாகத் தெரிந்தாலும் போடாதே.

தீர்த்தமலை ஈஸ்வரன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும், அந்தப் பதினெட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. கடிதம் கிடைத்ததும் பதில் எழுது, போனில் வேண்டாம். படி ஏறினால் வலிக்கிறதா, காலை மடக்கித் தரையில் உட்கார முடிகிறதா, குழந்தைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கிறேன் என்கிறாயே, நீ ஆடுகிறாயா, இல்லை நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாயா? நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதாதே கண்ணு, அது பெண் வீட்டாருக்குச் சொல்கிற பதில். வலித்தால் வலிக்கிறது என்று எழுது.

உன் அம்மா,
மா. நிர்மலாதேவி