படியில் நின்று நான் சொன்ன அளவு

என் ஆசை அண்ணைக்கு,

நீங்கள் போய் ஆறு மாதமாகப் போகிறது. இங்கே எல்லோரும் உங்களை அவசரக்காரன் என்று சொல்கிறார்கள். போன ஞாயிறு வரைக்கும், அது பொய் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டு இருந்தவளும் நான்தான்.

நீங்களா அவசரக்காரன்? தேத்தண்ணிக்குப் போடும் சீனியைக்கூடக் கரண்டியில் வழித்துச் சமன் செய்கிற மனிதன். எங்கள் அஜின்கோர்ட் வீட்டு பேஸ்மென்டில், சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெறுங்கோதுகளைத் துடைத்து, வெடிமருந்தைத் தராசில் நிறுத்து, முனையில் ஈயச் சன்னத்தை வைத்து அழுத்தி, ஒரு ஞாயிறு முழுக்க இருந்து இருபது தோட்டாதான் செய்வீர்கள். மருந்தின் அளவு சொல்லும் இரண்டு புத்தகங்கள் விரித்தபடி கிடக்கும். அவை சொல்வதிலும் குறைவாகத் தொடங்கி, குறிபார்த்துச் சுடும் கிளப்பில் சுட்டுப் பார்த்து, அமுக்கம் கூடிய தடம் உண்டா என்று கோதின் அடியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்ந்து, கொப்பியில் எழுதிய பிறகுதான் அடுத்த அளவுக்குப் போவீர்கள். கடதாசியில் ஓட்டை போட இவ்வளவு பாடா என்று நான் சிரிப்பேன்.

ஊரில் துவக்குச் சூட்டுச் சத்தத்துக்குப் பதுங்கி இந்த நாட்டுக்கு ஓடிவந்த எங்களுக்கு ஏன் இந்த விளையாட்டு என்று அண்ணி கேட்டா. “நானே சுடுற நேரம் அந்தச் சத்தம் எனக்குப் பயமில்லையப்பா” என்றீர்கள். அதற்குப் பிறகு அவ கேட்கவில்லை.

கொம்பியூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான். உங்களோடு மெஷின் ஷொப்பில் வேலை செய்து, கிளப்பிலும் கூடச் சுட்ட யானெக், தோட்டாக் கணக்குப் பார்க்கும் ஒரு புரோகிராமைத் தந்தார். சன்னத்தின் நிறை, கோதின் கொள்ளளவு, மருந்தின் பெயர் எல்லாம் கொடுத்தால், உள்ளே எவ்வளவு அமுக்கம் வரும், எவ்வளவு மருந்தில் தொடங்கலாம் என்று சொல்லும். உங்கள் பழைய கொப்பியோடு இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்தோம். கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. நான் துள்ளினேன்.

“கெட்டிக்காரப் பெட்டிதான்” என்றீர்கள். “ஆனா உது கோதைப் பாக்கேல்லையே, தங்கச்சி.”

ஒக்டோபரில் உங்கள் வழக்கமான வெடிமருந்து கடையில் முடிந்துவிட்டது. அவர்கள் தந்த புது மருந்து இரண்டு புத்தகத்திலும் இல்லை. சனிக்கிழமை அந்த வருஷத்தின் கடைசிப் போட்டி. “உந்தப் பெட்டியைக் கேட்டுச் சொல்லன்” என்று நீங்களாகவே கேட்டீர்கள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

வெள்ளி காலை கோட்டும் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குப் பிந்திவிட்டதே என்ற பதற்றத்தோடு இருந்தேன். இன்சூரன்ஸ் கந்தோரில் நாள் முழுக்க இலக்கம் அடிக்கிறவள், என் விரல் பிசகாது என்ற எண்ணம் வேறு. டெலிபோன் அடித்தது. அதைத் தோளில் இடுக்கிக்கொண்டு பட்டியலில் மருந்தைத் தெரிவு செய்தேன். திரையில் வந்த அளவை அச்சடித்துக் கைப்பைக்குள் திணித்தபடி, பேஸ்மென்டுப் படியில் நின்று கீழே கத்திச் சொன்னேன்.

“மருந்தின்ர பேரைச் சரியாப் பாத்தனியே?” என்று கேட்டீர்கள்.

“ஓம் அண்ணை, பாத்தனான்.”

நான் பார்க்கவில்லை.

அடுத்த நாள் போட்டியில் முதல் வெடியிலேயே துவக்கின் பின்பகுதி பிளந்தது. யானெக்தான் ஆஸ்பத்திரிக்கு உங்களோடு வந்தார். ஞாயிறு விடிய நீங்கள் இல்லை.

செத்தவீட்டில் யானெக் அழுதுகொண்டு சொன்னார், போட்டி அவசரத்தில் ஒரே கோதுக்குள் இரண்டு தரம் மருந்தைக் கொட்டியிருப்பீர்கள் என்று. பொலிசும் விபத்து என்று எழுதி முடித்தது. அண்ணி அதையே பிடித்துக்கொண்டா. “ஒரு போட்டிக்காக அவசரப்பட்டு எங்களை நடுத்தெருவில விட்டிட்டியள்” என்று உங்கள் படத்தைப் பார்த்துப் பேசாத நாள் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு உங்கள் மேசையை ஒதுக்கினேன். மருந்துப் போத்தலில் ஒரு பெயர். நான் அன்று அச்சடித்துக் கைப்பையில் வைத்திருந்த தாளில் இன்னொரு பெயர். பெயரோடு வரும் எண்ணில் ஒரேயொரு இலக்கம்தான் வித்தியாசம், பட்டியலில் ஒரு வரி மேலே. மெதுவாக எரிகிற மருந்துக்குரிய கூடின அளவை, வேகமாக எரிகிற மருந்துக்குச் சொல்லியிருக்கிறேன். புரோகிராம் பிழை விடவில்லை அண்ணை. நான் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னது.

உங்கள் கொப்பியில் கடைசி வரி: “தங்கச்சி பாத்துச் சொன்னது.” அதைப் படித்துவிட்டு நான் எப்படி மேலே ஏறி வந்தேன்? எப்படி அன்றைக்குச் சோறு தின்றேன்?

மாதக்கணக்கில் மறைத்தேன். சொல்லிவிட்டு எங்கே போவேன் என்ற பயம். இந்த வீட்டை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

போன ஞாயிறு உங்கள் மகள் நிலா வீட்டுப்பாடத்தை அரக்கப்பரக்க எழுதிக்கொண்டிருந்தாள். அண்ணி அதட்டினா: “உன்ர அப்பாவைப் போல அவசரப்படாத!” பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. குசினிக்குள் போய், தாளை அண்ணியின் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அடுப்பை அணைத்தா. “அப்ப அவர் ரெண்டு தரம் போடேல்லையே?”

“இல்லை அண்ணி. நான் சொன்ன அளவைத்தான் போட்டவர்.”

“அப்ப இவ்வளவு நாளும் நான் அவரைத் திட்டினது?”

நிலத்தில் குந்தியிருந்து வீடு அதிர அழுதா. நான் தொட, கையைத் தட்டிவிட்டா. வாசலில் வந்து நின்ற நிலாவைக் காட்டி, “அவளுக்கு நீ சொல்லு. உன்ர வாயால சொல்லு” என்றா. சொன்னேன்.

“அப்ப அப்பா மிஸ்டேக் விடேல்லையா, மாமி?”

“இல்லையம்மா. நான்தான் விட்டனான்.”

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஐந்து நாளாக அண்ணி என்னோடு கதைக்கவில்லை. எனக்குச் சோற்றைப் போட்டு மூடிவைக்கிறா, முகத்தைப் பார்க்கிறா இல்லை. இந்த வீட்டில் நான் இன்னும் எத்தனை நாள் இருக்கலாம் என்று தெரியவில்லை. அந்தக் கடைசிச் செக்கனில் நீங்கள் என்னை நினைத்தீர்களா அண்ணை? நினைத்திருந்தால், என்னவென்று நினைத்தீர்கள்?

நாளை, பனிக்காலம் முடிந்து கிளப் திறக்கிற முதல் சனிக்கிழமை. யானெக் என்னைக் கூட்டிப் போகிறார், ஏன் என்று அவருக்கு இன்னும் தெரியாது. உங்கள் கவனக்குறைவைப் பற்றிக் கதைத்த அத்தனை பேருக்கும் முன்னால், என் அரைகுறை இங்கிலீஷில் சொல்வேன். குரல் நடுங்கும், நடுங்கட்டும். உங்கள் பெயரைத் துடைக்காமல் திரும்பி வரமாட்டேன். இதை மட்டும் நம்புங்கள். இந்த முறை நான் பார்த்துத்தான் சொல்கிறேன்.

உங்களுக்கு ஒரு பொய் சொன்ன,
உங்கள் ஒரே தங்கச்சி
வதனி