முள்வேலி வாசலில் ஓர் அணுப் புத்தகம்

அன்பு மச்சான் செல்லையாவுக்கு,

நீ போன பிறகு நான் எழுதிய முதல் புத்தக மதிப்புரை பத்திரிகையில் வந்துவிட்டது. உன் மனைவி, அதான் என் தங்கை, வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாதமாயிற்று!

பத்திரிகை ஆசிரியரை நான் மன்னிப்பதாக இல்லை. "பௌதிகம் படிக்காத தோட்டக் கிராணி எழுதுவதை யார் நம்புவார்கள்? இந்த முறையும் வாசகருக்கு விளங்காவிட்டால் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துவிடுவேன்" என்றார். உன் கருமாதிக்குக்கூட வராத பெரிய கிராணிக்கு, அதான் எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவுக்கு, அதைக் கேட்டு ஒரே சந்தோஷம். அவரையும் மறக்கமாட்டேன்.

வாசித்துக் காட்ட நீ இல்லையே. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசியைக் கொதிக்கவைத்தபடி, "புரியலேன்னு எழுதிடு மச்சான், ஒண்ணும் கொறஞ்சிடாதுலா" என்பாயே? அதற்காகவே எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்!

அவசரகாலச் சோதனை இன்னும் ஓயவில்லை. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகிறவர்களை வேலி வாசலில் வரிசையாக நிறுத்துகிறார்கள். அன்று என் பையில் அணுவைப் பற்றிய புத்தகம். படத்தைப் பார்த்த காவலர், பாம் செய்யும் புத்தகமா என்று மலாய் மொழியில் மிரட்டினார்.

"என்னா புக்கு, கிராணி ஐயா?" என்றாள் வரிசையில் நின்ற முனியம்மா.

"எல்லாப் பொருளும் அணுதாம்மா. அந்த அணுவுக்குள்ள பெரும்பாலும் ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுது."

"அப்ப இந்த வேலியும் வெறும் ஓட்டைதானா? நாங்க ஏன் பூந்து போக முடியல?"

"அணுவுக்குள்ள இருக்கிற மின்சாரம் தள்ளுதும்மா."

"மின்சாரமா? இந்தா துப்பாக்கியோட நிக்கிறாரே, இவருல்ல தள்ளுறாரு!"

வரிசையே குலுங்கியது. அதை நான் மலாயில் சொன்னதும் காவலரும் சிரித்துப் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். முனியம்மா விடவில்லை: "சரி, அந்த மின்சாரம் ஏன் தள்ளுது?"

"தெரியலம்மா" என்றேன். சொன்னதும் எவ்வளவு லேசாக இருந்தது, மச்சான்!

அந்தப் பேச்சை மதிப்புரையில் அப்படியே எழுதினேன். புத்தகம் எங்கே தெளிவு, எங்கே நழுவுகிறது, எனக்கு எது எட்டவில்லை, எல்லாவற்றையும். பத்திரிகை ஆசிரியர் ஒரு வரியும் வெட்டவில்லை. ஒளியைப் பற்றிய புத்தகம் ஒன்றும் அனுப்பியிருக்கிறார். என் பெயரைப் பிழையாக அச்சடித்ததற்குத் தனியாக ஒரு கோபம் வைத்திருக்கிறேன்.

"இருட்டு எங்க போவுதுன்னு அதுல போட்டிருக்கா?" என்று இன்று காலை முனியம்மா கேட்டாள். நீ என்ன கேட்டிருப்பாய்?

உனக்கு ஒரு வாக்கு: விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்றே இனி எழுதுவேன். பெரிய கிராணி வாசித்துச் சிரித்தாலும் சரி.

உன்னிடம் தோற்றுப்போய் மகிழ்ந்திருக்கும்
உன் மச்சான்,
கோலா பிலா பக்கத்துத் தோட்டம்